கடைவீதியிலிருந்து ரெண்டு திருப்பம் உள்ளே: சந்துக்குள் கடை நடத்துவது எப்படி

போன வாரம் பென்னாகரம் பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு பாட்டி, மஞ்சப்பைக்குள் கையை விட்டு ஒரு குக்கர் மூடியை எடுத்து என் மேசைமேல் வைத்தார். "உன்கிட்ட போனாதான் கிடைக்கும்னு சொன்னாங்க கண்ணு." அதற்கு முன் கடைவீதியில் மூன்று பாத்திரக்கடை ஏறி இறங்கியிருக்கிறார். மூடியைத் திருப்பிப் பார்த்தேன். உள்மூடி குக்கர், ஐந்து லிட்டர், கம்பெனி நிறுத்திவிட்ட பழைய மாடல். மேல் தட்டில் பின்வரிசையில் தொங்கிய கேஸ்கெட் ஒன்றை எடுத்து, விரலால் நீவி உட்கார வைத்தேன். விசில் போகும் துளையில் அடைத்திருந்த பருப்பை ஊசியால் எடுத்துவிட்டேன். ஐந்து நிமிட வேலை.

தருமபுரி டவுனில் கடைவீதியை விட்டு ரெண்டு திருப்பம் உள்ளே இருக்கிறது என் கடை. மிக்ஸி, கிரைண்டர், குக்கர் உதிரிபாகம், கூடவே ரிப்பேர். பதினோரு வருஷமாக நடக்கிறது. மெயின் ரோட்டில் வாடகை கட்ட முடியாமல் உள்ளே ஷட்டர் தேடுகிறவர்கள் அடிக்கடி வந்து, "இங்க எப்படிண்ணா ஓடுது?" என்று கேட்கிறார்கள். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில்: உங்கள் சரக்கு சந்துக்குள் நிற்குமா?

மெயின் ரோட்டுக் கடைக்குப் போகிற வருகிறவன் வருவான். சந்துக்கடைக்கு வீட்டிலிருந்தே கிளம்பி வரவேண்டும். அப்படிக் கிளம்ப அவனுக்கு ஒரு காரணம் இருக்கவேண்டும். பார்த்ததும் வாங்கத் தோன்றுகிற சரக்கு, அதாவது ஃபேன்சி ஐட்டம், மொபைல் கவர், ஜூஸ், ரெடிமேட் துணி, இவை உள்ளே நிற்காது. தேடி வாங்குகிற சரக்கு நிற்கும். உடைந்ததைச் சரிசெய்வது, அளவு பார்த்துப் பொருத்துவது, வேறு எங்கும் கிடைக்காத சின்னச் சாமான், கடைக்காரரின் கை அனுபவத்துக்காக வருவது எல்லாம் இதில் சேரும். நாட்டு மருந்து, தையல் சாமான், பைண்டிங், மாவு மில் ஆகியவை எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் இருபது வருஷமாக நிற்கின்றன. அதே தெருவில் மூன்று செல்போன் கடை திறந்து மூடியதைப் பார்த்திருக்கிறேன்.

உதிரிபாகத்தை நான் பிடித்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 2011இல் அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. அதுவரை மிக்ஸியே இல்லாத கிராமத்து வீடுகளுக்கும் மிக்ஸி வந்தது. மிக்ஸி வந்தால் ரெண்டு மூன்று வருஷத்தில் ஜார் புஷ் தேயும், கப்ளர் உடையும், பிளேடு மழுங்கும். பெரிய கடைக்காரருக்குப் புது மிக்ஸி விற்பதில்தான் காசு; முப்பது ரூபாய்க் கப்ளருக்கு அவர் குனியமாட்டார். உங்கள் ஊரில் கடைவீதி குனிந்து எடுக்காத சாமான் எது என்று தேடுங்கள்.

ஷட்டர் பிடிப்பதற்கு முன் மூன்று நாள் டீக்கடையில் உட்காருங்கள்

கடைவீதிக்கு எவ்வளவு பக்கம் என்பதை மட்டும் வைத்து இடம் பிடிக்காதீர்கள். ஆள் நடக்கிற பாதை எது என்று பாருங்கள். தருமபுரிக்கு வெளியூர்க்காரர் வருவது அரசு மருத்துவமனைக்கு, ஆபீஸ்களுக்கு, கோர்ட்டுக்கு, பேங்குக்கு. வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும்போது வெயிலுக்காகவும் வண்டி நெரிசலுக்காகவும் குறுக்குச் சந்துகளில் புகுந்து போவார்கள். அந்தச் சந்தில் இருக்கும் கடைக்கு மெயின் ரோட்டின் பாதி பலன் உண்டு. பத்தடி தள்ளி, முட்டுச்சந்தில் இருக்கும் கடைக்கு அது கிடையாது. வாடகை இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும்.

காலை பத்தரை, மதியம் ஒன்று, மாலை ஆறு. மூன்று நாள், மூன்று வேளை, அரை மணி நேரம் உட்கார்ந்து தலையை எண்ணுங்கள். அதில் ஒரு நாள் முகூர்த்த நாளாக இருக்கட்டும். எத்தனை பேர் கையில் பையோடு போகிறார்கள் என்பதைத் தனியாகக் குறியுங்கள். கை வீசிக்கொண்டு போகிறவர் அந்தத் தெருவாசி. பையோடு போகிறவர்தான் உங்கள் ஆள். மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று டீக்கடைக்காரரையே கேளுங்கள். கடை ஓனர் சொல்லமாட்டார்.

வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். கடைவீதியில் டூவீலரை நிறுத்தப் படும் பாடு தெரிந்ததுதான். சந்துக்கடைக்கு இருக்கும் பெரிய பலமே வாசலில் வண்டியை நிறுத்தி ஸ்டாண்ட் போடலாம் என்பது. எதிர் வீட்டுக்காரர் தகராறு செய்வாரா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

கணக்கு

இதை ஒரு தாளில் போடாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஓர் உதாரணத்துக்குச் சொல்கிறேன், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

உள்தெரு வாடகை 5,000, கரண்ட் 1,000, கூட ஒரு பையன் 8,000, சில்லறைச் செலவு 1,000, வீட்டுக்கு எடுப்பது 15,000. மாதம் 30,000 ரூபாய். 26 நாள் கடை திறந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,154 ரூபாய் மொத்த லாபம் வந்தாகவேண்டும். உதிரிபாகத்தில் விற்பனையில் முப்பது சதவீதம் நிற்கும் என்று வைத்தால், தினம் 3,850 ரூபாய் வியாபாரம். ஒரு ஆள் சராசரி 120 ரூபாய்க்கு வாங்கினால், 32 பேர்.

இதையே மெயின் ரோட்டில் 18,000 வாடகைக்குப் போடுங்கள். மாதம் 43,000, ஒரு நாளைக்கு 46 பேர். இந்தப் பதினாலு பேர் வித்தியாசம்தான் சந்துக்கடையின் சுவாசம். அங்கே கூட்டம் இருக்கும், பதினாலு பேர் தானாக வந்துவிடுவார்கள் என்று தோன்றும். சில தொழிலுக்கு வரவும் செய்வார்கள். அதனால்தான் தாளில் போடச் சொல்கிறேன்.

மளிகை வைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பத்து சதவீத லாபத்தில் அதே 1,154 ரூபாயை எடுக்க, தினம் பதினோராயிரத்துக்கு மேல் விற்கவேண்டும். சுற்றி இருக்கும் வீடுகளை எண்ணிப் பாருங்கள். அத்தனை பேரும் உங்களிடம் வாங்கினாலும் அவ்வளவு வருமா?

அப்புறம், மிச்சமாகும் வாடகையை என்ன செய்வது என்பது. நிறையப் பேர் விலையைக் குறைப்பதில் அதை விடுகிறார்கள். ஐந்து ரூபாய் குறைவு என்பதற்காக யாரும் ரெண்டு திருப்பம் நடந்து வரமாட்டார்கள். நான் முதல் ரெண்டு வருஷம் மாதா மாதம் மிச்சத்தில் பெரும்பகுதியைச் சரக்கில் போட்டேன். அதே சரக்கை அதிகமாக அல்ல, ரகத்தை அதிகமாக. கடைவீதியில் கேஸ்கெட் நாலு அளவு தொங்கினால் என்னிடம் முப்பது தொங்கவேண்டும் என்று ஒரு வெறி.

காகித வேலைகள்

வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். "நம்ம பையன்தானே, எதுக்கு பத்திரம்" என்று ஓனர் சொன்னால் இன்னும் கட்டாயமாகப் போடுங்கள். எனக்கு முதலில் இருந்த கடை அப்படித்தான் போனது. வாய் வார்த்தையில் மூன்று வருஷம் ஓடி, ஆள் பழகி, தெரு முகம் மாறியதும், மகனுக்குக் கடை வேண்டும் என்றார் ஓனர். ரேக் அடித்த செலவும் போச்சு, பழகிய இடமும் போச்சு. தமிழ்நாட்டில் 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தமும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவதும் வேண்டும். பதினோரு மாத ஒப்பந்தம் போட்டால், புதுப்பிக்கும்போது எவ்வளவு ஏற்றலாம், காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், ஷட்டர் பழுதானால் யார் செலவு, இந்த மூன்றையும் எழுதச் சொல்லுங்கள்.

ஜி.எஸ்.டி. என்றதும் பயப்படவேண்டாம். பொருள் மட்டும் விற்கும் கடைக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. சேவையும் கலந்தால் வரம்பு குறையும், ரிப்பேர் கடைக்காரர்கள் கணக்கரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் ஒன்றரைக் கோடி வரை காம்போசிஷன் என்ற எளிய வரி முறையில் வியாபாரி விற்பனையில் ஒரு சதவீதம் கட்டினால் போதும். ஆனால் அதில் இருந்துகொண்டு வெளி மாநிலத்துக்கு விற்க முடியாது. ஓசூர், பெங்களூரு என்று சரக்கு அனுப்பும் எண்ணம் இருப்பவர்கள் ஓசூரோடு நின்றுகொள்ளவேண்டும்.

சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். 2021 ஜூலையிலிருந்து சில்லறை வியாபாரிகளும் பதியலாம், பேங்கில் முன்னுரிமைக் கடன் கேட்க உதவும். ஆயிரம் ரெண்டாயிரம் வாங்கிக்கொண்டு செய்து தருகிறேன் என்று வருகிறவரை அனுப்பிவிடுங்கள். முத்ரா கடனில் முதல் படியான சிசு, 50,000 ரூபாய் வரை. ஒரு சந்துக்கடையின் முதல் சரக்குக்கு அது ஓரளவு தாங்கும். நகராட்சி வியாபார உரிமம், தின்பண்டம் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு, எலக்ட்ரானிக் தராசு என்றால் வருஷா வருஷம் முத்திரை. இவை வழக்கமானவை.

இல்லை நோட்டு

எனக்குத் தெரிந்த ஒரே தொழில் ரகசியம் இதுதான். கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று கயிற்றில் கட்டித் தொங்குகிறது. யாராவது ஒன்று கேட்டு நான் "இல்லை" என்று சொன்னால், அவர் படி இறங்குவதற்குள் அதில் எழுதிவிடுவேன். தேதி, சாமான், எந்த ஊர். அவ்வளவுதான்.

மாதக் கடைசியில் புரட்டுவேன். ஒரே சாமான் மூன்று முறை வந்திருந்தால் அடுத்த பார்சலில் வாங்குவேன். இரண்டு முறை என்றால் இன்னும் ஒரு மாதம் பார்ப்பேன். ஒரே ஊரிலிருந்து கேட்டிருந்தால் அங்கே ஏதோ ஒரு கம்பெனிச் சாமான் மொத்தமாக விற்றிருக்கிறது என்று அர்த்தம். ஒருமுறை பாப்பாரப்பட்டிப் பக்கத்து ஆட்கள் வரிசையாக ஒரே மாதிரி மிக்ஸி ஜார் மூடி கேட்டார்கள். விசாரித்தால், தவணைக்கு விற்கும் வேன்காரர் ஒருவர் அந்தப் பக்கம் வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார். கோயம்புத்தூரில் சொல்லி ரெண்டு டஜன் மூடி வரவழைத்தேன். நாலு மாதத்தில் காலி.

இந்த நோட்டு இல்லாமல் மொத்தக்கடைக்காரர் சொல்வதை வாங்கினால் என்ன ஆகும் என்பதையும் நான் பார்த்தாயிற்று. "புது மிக்ஸியும் வைங்க, ஸ்பேருக்கு வர்றவங்க வாங்குவாங்க" என்றார் ஒருவர். எட்டு மிக்ஸி இறக்கினேன். ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் போய் மூன்றுதான் விற்றது. புது மிக்ஸி வாங்குகிறவர்கள் குடும்பத்தோடு பெரிய ஷோரூம் போய், ஏ.சி.யில் பத்து மாடல் பார்த்து வாங்க ஆசைப்படுகிறார்கள். அதில் தப்பில்லை. மீதி ஐந்தையும் வாங்கிய விலைக்குத் தள்ளினேன். அந்தப் பணத்துக்கு இருநூறு வகைச் சின்னச் சாமான் வாங்கியிருக்கலாம்.

கொள்முதலுக்குப் போகும் இடமும் சரக்கைப் பொறுத்தது. கிரைண்டர், மிக்ஸி பாகங்களுக்குக் கோயம்புத்தூர், பாத்திர வகைகளுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டை. முதல் முறை நேரில் போய்த் தொட்டுப் பார்த்து வாங்குங்கள், அப்புறம் போனில் சொன்னால் பார்சல் வரும். ரப்பர் சாமானை மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். எங்கள் ஊர் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு கோடை போனால் கேஸ்கெட் இறுகிவிடும்.

வழி சொல்லும் வேலை

சந்துக்கடையின் போர்டு சந்துக்குள் இருந்து பயனில்லை, திருப்பத்தில் இருக்கவேண்டும். திருப்பத்தில் இருக்கும் கடைக்காரரிடம் கேட்டு அவர் சுவரில் ஓர் அம்புக்குறித் தகடு அடியுங்கள். கரண்ட் கம்பத்தில் கட்டாதீர்கள், ஒரு வாரத்தில் காணாமல் போகும். என் தகடு இருப்பது ஒரு பூக்கடைக்கு மேலே. தினம் என் வீட்டுக்குப் பூ அங்கேதான் வாங்குகிறேன், வாடகை என்று எதுவும் பேசிக்கொண்டதில்லை.

கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் பெரிதாக இருக்கவேண்டும்; தமிழ், ஆங்கிலம், மூன்றாவது மொழி ஐந்துக்கு மூன்றுக்கு இரண்டு என்பது விதி. கிருஷ்ணகிரியில் தையல் சாமான் கடை வைத்திருக்கும் என் மச்சான் அந்த மூன்றாவது இடத்தில் தெலுங்கு எழுதினான். பர்கூர், வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உள்ளே வருகிறார்கள்.

கூகுள் மேப்பில் கடையைப் போடும்போது இடக்குறி எங்கே விழுகிறது என்று நீங்களே நடந்து போய்ச் சோதியுங்கள். எனக்கு முதலில் பின்தெரு வீட்டு மாடியில் விழுந்திருந்தது. அந்த வீட்டம்மா ஒரு மாதம் கழித்து வந்து சண்டை போட்டபோதுதான் தெரிந்தது. கடைப்பெயரோடு "மிக்ஸி ரிப்பேர்", "குக்கர் கேஸ்கெட்" என்று தமிழிலும் எழுதுங்கள். போனில் வழி கேட்பவருக்குக் கதவு எண் சொல்லி உபயோகமில்லை. பிள்ளையார் கோயில், வேப்பமரம், மாவு மில் சத்தம் என்று சொல்லுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு அதிகம் உழைப்பது ஒரு ரூபாய் ஸ்டிக்கர். ரிப்பேர் முடிந்த ஒவ்வொரு மிக்ஸியின் அடியிலும் கடைப்பெயர், போன் நம்பர், வேலை செய்த தேதி எழுதி ஒட்டுகிறேன். அடுத்த முறை மிக்ஸி நின்றால் அதைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். என் நம்பர் அங்கே இருக்கும். விசிட்டிங் கார்டு எந்தப் பெட்டியில் போனதோ தெரியாது, ஸ்டிக்கர் மிக்ஸியை விட்டுப் போகாது.

காசு வாங்காத வேலை

மிக்ஸி ஓடவில்லை, மோட்டார் போச்சு என்று முகம் வாடி வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. கெட்டியாக அரைக்கும்போது லோடு தாங்காமல் அடியில் இருக்கும் சிவப்புப் பட்டன் வெளியே வந்திருக்கும். கவிழ்த்து, பட்டனை அமுக்கி, ஓட்டிக் காட்டி அனுப்பிவிடுவேன். "எவ்ளோ தம்பி?" "ஒண்ணுமில்லக்கா, பட்டன் எங்க இருக்குன்னு பாத்துக்கோங்க." அந்த அக்கா ஊருக்குப் போய் எத்தனை பேரிடம் சொல்கிறார் என்பது அடுத்த மாதம் தெரியும். புதிதாக வந்த பையன் ஒருவன், "அண்ணா, நூறு ரூபா வாங்கியிருக்கலாமே" என்றான். வாங்கியிருக்கலாம். அந்த அக்கா வீட்டில் யாராவது ஒரு பையன் யூடியூபில் அதே பட்டனைப் பார்க்கிற நாள்வரை.

நேரம்

சந்துக்கடைக்காரர் சொன்ன நேரத்துக்குத் திறந்தே ஆகவேண்டும். கடைவீதியில் ஒரு ஷட்டர் மூடியிருந்தால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள், கோபப்படமாட்டார்கள். இங்கே வெயிலில் நடந்து வந்து பூட்டைப் பார்த்தவர் திரும்ப வருவது சிரமம். கிராமத்து ஆட்கள் வருவது பதினொன்றிலிருந்து ரெண்டு வரை, பஸ்ஸைப் பொறுத்து. அதனால் மதியச் சாப்பாடு எனக்கு மூன்று மணிக்குத்தான்.

வார விடுமுறையை ஊர்ச் சந்தையைப் பார்த்து வையுங்கள். நல்லம்பள்ளி, காரிமங்கலம் இரண்டிலும் செவ்வாய்க்கிழமை சந்தை. அந்தப் பக்க ஆட்கள் அன்று அங்கேதான் நிற்பார்கள். நான் செவ்வாய் மதியம் மூடிவிட்டு ஞாயிறு முழுதும் திறக்கிறேன். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள் பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் ஊர் வருவார்கள். வீட்டில் ஆறு மாதமாக ஓடாமல் கிடக்கும் எல்லாவற்றையும் அந்த நாலு நாளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்போது கூட ஒரு ஆள் போட்டாவது செய்து கொடுங்கள்.

கடன்

கொடுக்காமல் இருக்க முடியாது. எங்கள் மாவட்டத்தில் "பால் பணம் வந்ததும்", "கூடு போட்டதும்", "புளி உலுக்கினதும்" என்றுதான் தவணை சொல்வார்கள். இந்த மூன்றும் ஒன்றல்ல. பால் பணம் அடிக்கடி வரும், நம்பலாம். பட்டுக்கூடு விலை இறங்கினால் ஒரு சுற்றுத் தள்ளும். புளி வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் ஒரு வருஷம் காய்க்கும், ஒரு வருஷம் ஏமாற்றும். புளிக் கடன் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் தருவதில்லை என்று வைத்திருக்கிறேன். கூலியைக் கடன் சொல்லலாம், சாமான் காசை வைத்துவிட்டுப் போகவேண்டும் என்பதும் என் சட்டம். சாமான் காசு வேறொருவருக்குப் போவது என்பதை எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள்.

ஆன்லைன் விலை

போனை நீட்டி, "இதுல அறுபது ரூபாதான் போட்டிருக்கு" என்பார்கள். வாதம் செய்யவேண்டாம். "சரி, வாங்கிட்டு வாங்க, மாட்டித் தர்றேன், மாட்டுக்கூலி முப்பது" என்று சொல்லிவிடுங்கள். கேஸ்கெட்டில் அரை சென்டிமீட்டர் மாறினாலும் ஆவி போகும். தவறான அளவை வாங்கிய பலர் அடுத்த வாரம் மூடியோடு வருவார்கள். அப்போது முகத்தில் எதையும் காட்டாமல் சரியான அளவை எடுத்துக் கொடுப்பதுதான் கஷ்டமான வேலை.

எப்போது விடுவது

ஆறு மாதம் கழித்து, வந்தவர்களில் எத்தனை பேர் ரெண்டாவது முறை வருகிறவர்கள், எத்தனை பேர் யாரோ சொல்லி வந்தவர்கள் என்று ஒரு வாரம் கேட்டு எழுதுங்கள். இந்த இருவரும் சேர்ந்து பாதிக்கு மேல் இருந்தால் வியாபாரம் மெலிந்திருந்தாலும் பொறுக்கலாம். எல்லோருமே புது முகமாகவும் தற்செயலாக வந்தவர்களாகவும் இருந்தால் சரக்கை மாற்றுங்கள், அல்லது ஒப்பந்தம் முடியும்போது சாவியைக் கொடுத்துவிடுங்கள். வீட்டு நகையை வைத்து வாடகை கட்டும் மாதம் வந்தால் அந்த ஒரு வாரமும் காத்திருக்கவேண்டாம்.

எங்கள் தெருவில் ஒரு ஷட்டர் இப்போது காலியாக இருக்கிறது. கேஸ் அடுப்பு ரிப்பேர் தெரிந்த ஆள் யாராவது வந்தால் நன்றாக இருக்கும். குக்கர் மூடியோடு வருகிறவர்கள் பர்னர் அடைப்பையும் கேட்கிறார்கள். இல்லை நோட்டில் இந்த மாதம் மட்டும் ஒன்பது முறை எழுதியிருக்கிறேன்.